மஸ்கி ட்ரோலிங்: 13 அங்குல லூருக்குப் பெரிய மீன் வருமா, தோள்வலி மட்டும் வருமா?

பாசிக்கட்டு:

மஸ்கி எண்டது வட அமெரிக்க நன்னீரில வாழுற பெரிய வேட்டை மீன். அதை ட்ரோலிங்கில, அதாவது ஓடுற படகுக்குப் பின்னால லூரை (போலி இரையை) இழுத்துப் பிடிக்கிறதில, ஒண்டாரியோவின்ர கவர்த்தா ஏரிகளில ஆறு, ஏழு அங்குல லூர் போதும் எண்டதில ஒருத்தருக்கும் சண்டை இல்லை. ஆனால் ஒக்டோபர் பிறந்தவுடன ஜோர்ஜியன் பே, சென்ட் லோரன்ஸ் பக்கம் போறவை எல்லாரும் 10, 13 அங்குலக் கட்டைகளைத்தான் இழுக்கினம். கேட்டால் "பெரிய மீனுக்குப் பெரிய இரை" எண்டு ஒரே வசனம்.

என்ர கேள்வி: லூர் பெருத்தால் மீனும் பெருக்குமா? இல்லாட்டி, பெரிய மீன் இருக்கிற தண்ணியில, அது நல்லாத் தின்னுற மாதத்தில, எல்லாரும் பெரிய லூரையே போடுறதால அப்பிடித் தெரியுதா? ட்ரோலிங் மட்டும் கதைப்பம். எறிஞ்சு இழுக்கிற பெரிய ரப்பர் லூர்கள் வேற கதை. வேகம், லைன் நீளம், எங்க பிழைக்கும் எண்டதை இலக்கத்தோட சொல்லுங்கோ.

ஆழமானி:

நீளத்தை அளக்கறதுலயே தப்பு ஆரம்பிக்குது. 13 அங்குல கிராண்ட்மாங்கற லூர் தட்டை. 10 அங்குல பிலீவர்ங்கற லூர் வயிறு பெருத்தது. கையில பிடிச்சா நீளமானது பெரிசாத் தெரியும். தண்ணியில போட்டா பிலீவர்தான் அதிகத் தண்ணியைத் தள்ளும். கலங்கல்ல மஸ்கி லூரைப் பார்க்கறதுக்கு முன்னாடியே அந்தத் தள்ளலைப் பக்கக்கோட்டு உறுப்பால உணர்ந்துடும். அதனால "எத்தனை அங்குலம்"னு கேக்காதீங்க, "எவ்வளவு பருமன், எவ்வளவு ஆட்டம்"னு கேளுங்க.

அடுத்தது வேகம். தண்ணியோட இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். மணிக்கு 3 மைல்ல இழுக்கற லூரை 5 மைலுக்கு ஏத்தினா வேகம் ஒண்ணேமுக்கால் மடங்கு கூட ஆகலை, ஆனா ராட் (தூண்டில் கம்பு) மேல வர்ற பாரம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. செயின்ட் கிளேர் ஏரியில ஜூலை, ஆகஸ்ட்ல 4.5 முதல் 5.5 மைல்ல ஓட்டறாங்க. அங்க 6 முதல் 8 அங்குலம் நிலைச்சு நிக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். மீனோட விருப்பம்னு நாம நினைக்கறதுல கொஞ்சம் ராட் ஹோல்டரோட விருப்பம்!

மீதிக் காரணம் ஆழம். அந்த ஏரியோட சராசரி ஆழம் ஏறக்குறைய 11 அடிதான். மூக்குல பெரிய உதடு (லூரைக் கீழ முங்க வைக்கற தகடு) வெச்ச லூர் நேரா தரையைக் கிண்டும். கிண்டினா பாசி. பாசி ஒட்டின லூர் எந்த அளவா இருந்தாலும் செத்த லூர்.

தூண்டில்முள்:

ஆழமானி சொல்றது கோடைகாலத்துக்குச் சரி. நான் பெரிய லூர் கட்சி, ஆனா எல்லா மாசத்துக்கும் இல்ல.

ஜோர்ஜியன் பே மாதிரி சிஸ்கோ, ஒயிட்ஃபிஷ்ங்கற இரை மீன்கள் இருக்கற தண்ணியில மஸ்கி என்ன தின்னுது? 10 முதல் 14 அங்குல மீனை. தண்ணி 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இறங்கறப்போ, நவம்பர் வாக்குல, சிஸ்கோ முட்டையிட கல்லும் சரளையுமான மேடுகளுக்கு வரும். பெரிய பெண் மஸ்கி அதே மேட்டோட ஓரத்துல, பக்கத்துல ஆழம் விழற இடத்துல நிக்கும். குளிர்ல அதோட உடம்பு மெதுவா இயங்கும். பத்து தடவை துரத்தி பத்து சின்ன பெர்ச் மீன் தின்னறதை விட ஒரு சிஸ்கோ லாபம். அந்த மூணு நாலு வாரத்துக்கு 10, 13 அங்குலம்ங்கறது "பெரிய" லூரே இல்ல, அன்னைக்குச் சமைச்ச சாப்பாட்டோட அளவு.

அதே சமயம், விஸ்கான்சின் வட ஏரிகள்ல 1990கள்ல மஸ்கி வயித்துல என்ன இருக்குன்னு பார்த்தப்போ பெர்ச்சும் சக்கர்ங்கற மீனும்தான் முன்னாடி நின்னுது. சிஸ்கோ இல்லாத ஏரியில 13 அங்குலத்தை இழுக்கறவங்க எந்த இரையைப் போலச் செய்றாங்கன்னு தங்களையே கேட்டுக்கணும்.

வேகம்: 50 டிகிரிக்கு மேல 3.5 முதல் 4 மைல். 45க்குக் கீழ 2.5 முதல் 3. பெரிய லூரை மெதுவா இழுத்தாலும் ஆட்டம் இருக்கும், அதுதான் அதோட பலம். சின்ன லூர்ல பல மாடல் 2.5 மைல்ல தூங்கிடும்.

வடமேல்காற்று:

"பெரிய மீன் சின்ன லூரைத் திரும்பியும் பாராது" எண்டு சொல்லுறவைக்கு ரெண்டு மீன். ஒண்டாரியோ சாதனை மஸ்கி, 65 பவுண்ட், 58 அங்குலம். கென் ஓ'பிரையன் 1988 ஒக்டோபரில பிடிச்சது, அதுவும் ஜோர்ஜியன் பேயில, மூன் ஆறு விழுற பக்கம், ட்ரோலிங்கில. லூர் 4 அங்குல ராபாலா. மற்றது மிச்சிகன் சாதனை: 2012 ஒக்டோபரில பெல்லேர் ஏரியில ஜோசப் சீபெர்கர் பிடிச்ச 58 பவுண்ட், 59 அங்குல மீன். ஸ்மோல்மவுத் பாஸுக்குப் போட்ட உயிர் இரை, 8 பவுண்ட் லைன். அது ட்ரோலிங் இல்லை, ஆனால் இரையின்ர அளவு பற்றின வாதத்துக்குப் பொருந்தும்.

ரெண்டு மீனால ஒண்டும் நிரூபணம் ஆகாது, தெரியும். ஆனால் "பாராது" எண்ட சொல்லை உடைக்க ஒரு மீனே காணும்.

உண்மையிலேயே அளவுதான் காரணமா எண்டு பார்க்க விரும்பினால் இப்பிடிச் செய்யுங்கோ. ஒரே படகு, ஒரே நாள், ஒரே நிறம், ஒரே ஆழம். இடப்பக்கம் 8 அங்குலம், வலப்பக்கம் 13. ஒவ்வொரு மணித்தியாலமும் பக்கத்தை மாத்துங்கோ. ஏனெண்டால் கரைப்பக்க றொட்டுக்கும் ஆழப்பக்க றொட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. கொப்பியில மீன் எண்ணிக்கையை மட்டும் எழுதாதேங்கோ, எந்த லூர் எத்தனை மணித்தியாலம் தண்ணியில கிடந்தது எண்டதை எழுதுங்கோ. நவம்பர் முழுக்க நாலு றொட்டிலயும் 13 அங்குலத்தைப் போட்டிட்டு "எல்லா மீனும் 13க்குத்தான் வந்தது" எண்டால் வேற எதுக்கு வரும்?

பாசிக்கட்டு:

கடைசி வரி என்ர கேள்விக்கே சூடு. சரி, சாமான் பக்கம் யாரும் சொல்லுங்கோ. 8 அங்குலம் இழுக்கிற அதே றொட்டில 13ஐ மாட்டினால் என்ன நடக்கும்?

நாலாம்கம்பு:

மீனைவிட முதல்ல சாமான்தான் பேசும். ஒண்ணொண்ணா வர்றேன்.

ராட். மீடியம் ஹெவி 8.5 அடி ராட்ல பருத்த 13 அங்குலத்தைப் போட்டு 4 மைல்ல ஓட்டிப் பாருங்க. லூரோட பாரத்துலயே ராட் பாதி வளைஞ்சு நிக்கும். மீன் அடிக்கும்போது வளைய அதுக்கு மிச்சம் எதுவும் இல்ல. பின்னல் நூலான பிரெய்ட் லைன் நீளாது, ராட்டும் வளையாது, அந்த அதிர்ச்சி முழுக்க முள் பிடிச்ச தோல்ல இறங்கும். தோல் கிழியும், மீன் போகும். "அடிச்சுது, பத்து செகண்ட் இருந்துது, போயிடுச்சு"ங்கற புகார்ல நிறையப் பங்கு இதுதான். எக்ஸ்ட்ரா ஹெவி, 9 அடி, நுனி மட்டும் இளகின ட்ரோலிங் ராட் வேணும். ஃபைபர் கிளாஸ் கலந்ததா இருந்தா இன்னும் நல்லது.

டிராக், அதாவது மீன் இழுத்தா லைனை விட்டுக்கொடுக்கற ரீல் பிரேக். இங்கதான் நிறையப் பேர் கணக்கை விடறாங்க. லூர் தானே 4 பவுண்ட் இழுக்குதுன்னா டிராக் 4க்கு மேல இருந்தாத்தான் லைன் நகராம நிக்கும். படகு அலையில ஏறி இறங்கற குலுக்கலுக்கு இன்னும் கொஞ்சம். ஆக 6, 7 பவுண்ட் வெச்சிருப்பீங்க. இதே டிராக் 7 அங்குல லூருக்கு 3 பவுண்ட்லயே நின்னிருக்கும். பெரிய லூர் போட்டா மீன் முதல் அடியிலயே இரண்டு மடங்கு இறுக்கத்தைச் சந்திக்குது. வில் தராசைக் கொக்கியில மாட்டி, படகை ஓட்டி, உங்க லூர் எத்தனை பவுண்ட் இழுக்குதுன்னு பாருங்க. அதுக்கு மேல 2 பவுண்ட் மட்டும் வைங்க. லைன் நகர்ந்தா சத்தம் போடற ரீல் கிளிக்கர் எப்பவாச்சும் ஒரு "டக்" விடணும், அதான் சரியான இடம்.

லைன் 80 அல்லது 100 பவுண்ட் பிரெய்ட். லூருக்கும் லைனுக்கும் நடுவுல கட்டற லீடர் குறைஞ்சது 3 அடி, ஏழு இழைக் கம்பி இல்லைன்னா 130 பவுண்ட் ஃபுளோரோகார்பன். லீடரோட மேல்முனையில ஒரு 1 அல்லது 2 அவுன்ஸ் ஈயம். இது ஆழத்துக்கு இல்ல, பாசிக்கு. லைன்ல வழுக்கிட்டு வர்ற பாசி அந்த ஈயத்துல நின்னுடும், லூர் வரைக்கும் போகாது. லூரை மாட்டற ஸ்னாப் மலிவானதா இருந்தா நேராகி விரிஞ்சிடும். பெரிய லூர் ராத்திரி பகலா ஆடிக்கிட்டே இருக்கறதால உலோகம் களைச்சுப் போகும். காலையில ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்க, இளகியிருந்தா தூக்கிப் போடுங்க.

முள். 13 அங்குலத்துல பெரும்பாலும் 5/0, 6/0 அளவுல மூணு மும்முள். மஸ்கி இரையைக் குறுக்கே, நடுவுலதான் கவ்வும். மரக்கட்டை லூர்ல பல்லு மரத்துல பதிஞ்சு மாட்டிக்கும். முள் எங்கயுமே ஏறாம, பல்லால மட்டும் பிடிச்சுக்கிட்டுப் படகு வரைக்கும் வந்து, வாயைத் திறந்து விட்டுட்டுப் போற மீன் பெரிய கட்டைக்குத்தான் அதிகம். உடம்பு பருத்திருந்தா முள்ளுக்கும் வயித்துக்கும் நடுவுல இடைவெளி இல்ல, அதுதான் காரணம். பருத்த லூர்ல முள்ளை ஒரு அளவு கூட்டுங்க, வளைவு வயித்தைத் தாண்டி வெளிய தெரியணும். ஆனா கூட்டினப்புறம் படகோரத்துல ஓட்டிப் பாருங்க. முள் பாரத்துல ஆட்டம் செத்திருந்தா பழையதை மாட்டிடுங்க.

ஆழமானி:

டிராக் கணக்குக்கு நன்றி. அதோட ஒண்ணைச் சேர்க்கணும்: ஜிபிஎஸ் காட்டறது தரையை வெச்ச வேகம். லூருக்குத் தெரியறது தண்ணியை வெச்ச வேகம். டெட்ராய்ட் ஆறு, செயின்ட் லாரன்ஸ் மாதிரி ஓட்டமுள்ள இடத்துல நீரோட்டம் 2 மைல்னு வைங்க. எதிரே ஏறும்போது ஜிபிஎஸ்ல 3ன்னா லூர் 5ல ஓடுது. திரும்பி இறங்கும்போது அதே 3ன்னா லூர் வெறும் 1. பெரிய மர லூர்ல சில 4 மைலுக்கு மேல போனா சாய்ஞ்சு பக்கவாட்டா மேல வந்துடும். ஏறும்போது மட்டும் லூர் "கெட்டுப்போச்சு"ன்னா லூர் கெடலை, நீங்கதான் வேகமாப் போறீங்க.

ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க, ராட் நுனியைப் பாருங்க. நல்லா ஓடற பருத்த லூர் நுனியை மெதுவா, ஆழமா, ஒரே தாளத்துல குத்தும். தம், தம், தம். அந்தத் தாளம் படபடன்னு மாறினா வேகம் அதிகம். தாளம் நின்னு நுனி மட்டும் பின்னாடி இழுபட்டிருந்தா பாசி. தாளம் ரெண்டுக்கு ஒண்ணு தவறினா ஒரு முள் லீடரைச் சுத்தியிருக்கு. இதைச் சின்ன லூர்ல கண்டுபிடிக்கறது கஷ்டம். பெரிய லூரோட ஒரு நிஜமான வசதி இது, யாரும் சொல்றதில்ல.

புதுவலை:

என்னட்ட 16 அடி அலுமினியப் போட், 40 குதிரைச் சக்தி. ரெண்டு பேர். லைனைப் படகிலயிருந்து பக்கவாட்டா விலக்கிற சின்ன இன்லைன் ப்ளேனர் போர்ட் நாலு இருக்கு. அதில 13 அங்குலம் இழுக்கலாமோ?

நாலாம்கம்பு:

சின்ன இன்லைன் போர்டுல 13 வேண்டாம். லூர் பின்னாடி இழுக்க, போர்ட் மூக்கைத் தூக்கி நின்னுடும், பக்கவாட்டுல விலகாது. அலை இருந்தா முங்கும். அதோட போர்ட் ஏற்கனவே பாதி முங்கி நிக்கறதால, மீன் அடிச்சாலும் பாசி பிடிச்சாலும் ஒரே மாதிரி தெரியும். இந்தப் போர்டுக்கு 6 முதல் 8 அங்குலம் சரி. பெரிய லூரைப் போர்டுலதான் இழுக்கணும்னா கம்பம் நட்டு கயித்துல ஓட்டற பெரிய போர்டும், இறுக்கமான ரிலீஸ் கிளிப்பும் வேணும். 16 அடிப் படகுக்கு அது தேவையில்லாத சுமை.

உங்களுக்கு ஏத்தது இது: படகு ஓரத்துல ராட் ஹோல்டரைக் கிடையா, நுனி தண்ணிக்கு ஒரு அடி மேல இருக்கற மாதிரி வெச்சு, 30 முதல் 50 அடி லைன்ல பெரிய லூர். எத்தனை ராடுங்கறதை நீங்க போற தண்ணியோட விதியைப் பார்த்து முடிவு பண்ணுங்க. எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல.

வடமேல்காற்று:

தம்பி, அதோட ஒரு றொட்டைப் ப்ரொப்பெல்லர் நுரைக்குள்ள விடுங்கோ. 12 முதல் 20 அடி லைன், நுனியைத் தண்ணிக்குள்ள அமுக்கி. சென்ட் கிளேரில ஹோமர் லெப்ளாங் எண்ட மீன்பிடி வழிகாட்டி பிரபலப்படுத்தின முறை. இப்பவும் வேலை செய்யுது. ஆனால் அங்க 7, 8 அங்குலத்துக்கு மேல போடாதேங்கோ. அவ்வளவு குறுகின லைனில அதிர்ச்சியை வாங்க ஒண்டுமே இல்லை. பெரிய லூர் அங்க முள்ளை நேராக்கும், இல்லாட்டி றொட் ஹோல்டரின்ர ஆணியைக் கழட்டும்.

அலுமினியப் போட்டெண்டால் ஹோல்டரை வெறும் தகட்டில பூட்டாதேங்கோ. உள்ளுக்கு ஒரு பலகையோ தகடோ வைச்சு, ஊடுருவிப் போற போல்ட்டில பூட்டுங்கோ. றொட்டுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும்.

தூண்டில்முள்:

ஆழத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பாக்கெட்ல "20 அடி"ன்னு எழுதியிருந்தா நம்பாதீங்க, அது யாரோட லைன்ல, எந்த வேகத்துலன்னு அதுல எழுதியிருக்காது. தடிமன் கூடின லைன் லூரை மேல தூக்கும். உங்க லூரை நீங்களே அளங்க: 12 அடி ஆழம், மண் தரை, சமமான இடமாப் பார்த்து 3.5 மைல்ல ஓட்டி, விட்ட நீளத்தைக் காட்டற லைன் கவுண்ட்டர்ல அஞ்சஞ்சு அடியா விடுங்க. நுனியில முதல் தடவை "டிக்"னு தரை தட்டும்போது கவுண்ட்டர் எவ்வளவுன்னு லூர் வயித்துலயே மார்க்கர்ல எழுதி வைங்க. அப்புறம் 16 அடியில அதே வேலை. ரெண்டு எண் போதும், நடுவுல உள்ளதை ஊகிக்கலாம். கல்லுத் தரையில இதைச் செய்யாதீங்க, உதடு உடையும்.

மர லூர் வெச்சிருக்கவங்க: மஸ்கி கடிச்ச பல்லுத் துளையில தண்ணி இறங்கி மரம் ஊதும், பெயின்ட் வெடிக்கும், ஒரு பக்கம் கனத்து லூர் சாய்ஞ்சு ஓடும். அன்னைக்கு ராத்திரியே துடைச்சு, ரெண்டு நாள் நல்லாக் காய வெச்சு, துளையில எபாக்ஸி. காயாம அடைச்சா ஈரத்தை உள்ள பூட்டினதுதான் மிச்சம்.

பாசிக்கட்டு:

லூர் சாய்ஞ்சு ஓடினால், லைன் கட்டுற மூக்கு வளையத்தை எந்தப் பக்கம் வளைக்கிறது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்.

ஆழமானி:

லூர் உங்களை நோக்கி வரும்போது, மூக்கு உங்க பக்கம். அது உங்க இடது பக்கம் ஓடினா வளையத்தை உங்க வலது பக்கம் வளைங்க. பிளையர்ல மயிரிழை அளவு, திரும்ப ஓட்டு, திரும்ப பாரு. முறுக்காதீங்க, முறுக்கினா திருகாணி வளையம் மரத்துல இளகிடும். 3 மைல்ல நேரா ஓடறது 4.5ல சாயும், அதனால நீங்க இழுக்கப்போற வேகத்துலயே சரி பாருங்க.

புதுவலை:

அப்ப 13 வாங்கிறதோ விடுறதோ? ஒரு வரியில சொல்லுங்கோ.

வடமேல்காற்று:

ஒரு வரியில வராது. கவர்த்தா, சென்ட் கிளேர் எண்டால் விடுங்கோ. அந்தக் காசுக்கு ரெண்டு 8 அங்குலம். இலையுதிர் காலத்தில சிஸ்கோத் தண்ணிக்குப் போறதெண்டால் ஒரு பருத்த 10 வாங்குங்கோ, உங்கட றொட் அதைத் தாங்கும். 13 பிறகு பார்க்கலாம். நாலு றொட் போட்டாலும் 13 ஒண்டுக்கு மேல வேண்டாம். மிச்சத்தில 7, 8, 10 எண்டு கலந்து விடுங்கோ, அண்டைக்கு மீன் எதைக் கேக்குதோ அதுக்கு மாறலாம்.

தூண்டில்முள்:

இதுல எனக்குச் சண்டை இல்ல. நவம்பர் கடைசி ரெண்டு வாரம் மட்டும் ரெண்டு 13ன்னு பேரம் பேசுவேன்.

நாலாம்கம்பு:

வாங்குறதுக்கு முன்னாடி போல்ட் கட்டர் இருக்கான்னு பாருங்க புதுவலை. மூணு மும்முள் லூர்ல வந்த மீன் வலையில ஒரு தடவை உருண்டா ஒரு முள் வாயில, ஒண்ணு செவுள் மூடியில, ஒண்ணு வலையில. பிடுங்கிட்டு நிக்காதீங்க. மீன் தலை தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், முள்ளு தண்டை வெட்டுங்க, வெட்டின துண்டு தானா கழண்டு வரும். புது மும்முள் சில டாலர்தான். காத்து உறைநிலைக்குக் கீழ இருந்தா மீனைத் தூக்கிப் படமே வேண்டாம், செவுளும் கண்ணும் உறைஞ்சிடும். கோடையில தண்ணி 80 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா லூர் அளவு என்னவா இருந்தாலும் ட்ரோலிங்கை நிறுத்துங்க, விட்ட மீன் பிழைக்காது. நடு மும்முள்ளைக் கழட்டிட்டு ஓட்டறவங்களும் உண்டு. பாரம் குறையறதால சில லூர் மூக்கைத் தூக்கும், கழட்டின வளையத்துல அதே எடைக்கு ரெண்டு மூணு ஸ்ப்ளிட் ரிங் கோத்துவிட்டா சரியாயிடும்.